தமிழ்க் கோப்பில் சாய்வெழுத்தை மேக்ரோவால் மாற்றினால் பாதிதான் மாறுகிறது – உதவி தேவை

ஈசூன்_மலர் | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் தமிழ்க் குழு ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு ஒரு மலர் கொண்டு வருகிறது. தொகுக்கும் பொறுப்பு என்னிடம். தொடக்கநிலை 4 படிக்கும் பிள்ளையிலிருந்து, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா வரை 38 பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் லிப்ரெஆபிஸ் ரைட்டர் என்ற சொற்செயலியில் ஒரே கோப்பாகச் சேர்த்துவிட்டேன். 212 பக்கம்.

ஆளாளுக்கு ஒரு மாதிரி அமைத்திருக்கிறார்கள். தலைப்பை ஒருவர் 14 புள்ளியில் தடிப்பாக்கியிருக்கிறார், இன்னொருவர் 18-இல் அடிக்கோடு போட்டிருக்கிறார். நூல் பெயர்கள், தமிழ் எழுத்தில் எழுதிய மலாய்ச் சொற்கள் எல்லாம் சாய்வெழுத்தில் இருக்கின்றன. அச்சகத்தில் தலைப்புகள் ஒரே ஸ்டைலிலும் (பெயர் வைத்துச் சேமித்த வடிவமைப்பு) சாய்வெழுத்துகள் ஒரே கேரக்டர் ஸ்டைலிலும் (சொல்லுக்கு மட்டும் போடும் ஸ்டைல்) வேண்டும் என்கிறார்கள். கையால் மாற்ற ஆரம்பித்தேன். இரண்டு இரவில் 31 பக்கம்தான் முடிந்தது.

இணையத்தில் கிடைத்த ஒரு மேக்ரோவை (திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஓட்டினேன். பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் சாய்வெழுத்தில் பாதி மாறியது, பாதி அப்படியே இருக்கிறது. எது மாறும், எது மாறாது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. யாராவது சொல்லுங்களேன்.

ஜூரோங்_வாசகன் | செவ்வாய், இரவு 10.05

மேக்ரோவே வேண்டாம் அக்கா. கன்ட்ரோல்+எச் அழுத்தித் தேடும் பெட்டியைக் காலியாக விடுங்கள். கீழே மற்ற விருப்பங்களில் ஃபார்மட் பட்டனை அழுத்திச் சாய்வைத் தேர்ந்தெடுத்து, ஃபைண்ட் ஆல் கொடுங்கள். எல்லாச் சாய்வெழுத்தும் ஒன்றாகத் தேர்வாகிவிடும். பெட்டியை மூடி, எஃப்11-இல் திறக்கும் பலகையில் வேண்டிய கேரக்டர் ஸ்டைலை இரட்டைக் கிளிக் செய்தால் முடிந்தது.

வேர்டிலும் அதே கன்ட்ரோல்+எச்தான். மாற்றும் பெட்டியில் ^& போட்டு, அதன் ஃபார்மட்டில் ஸ்டைலைத் தேர்ந்தெடுங்கள். "கண்டதை அப்படியே வை, உடையை மட்டும் மாற்று" என்று பொருள்.

ஈசூன்_மலர் | செவ்வாய், இரவு 10.31

செய்து பார்த்தேன் தம்பி. மேக்ரோ எதை விட்டதோ அதையேதான் இதுவும் விடுகிறது. 57ஆம் பக்கத்தில் "பாசார் மாலாம்" (இரவுச் சந்தை) என்ற மலாய்ச் சொல் கண்ணெதிரே சாய்ந்து நிற்கிறது. தேடினால் அகப்படவில்லை. அடுத்த பத்தியில் ஆங்கில எழுத்தில் அதே சொல் சாய்ந்திருக்கிறது, அது மட்டும் அகப்படுகிறது.

கணிமணி | செவ்வாய், இரவு 11.48

அந்தக் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வேலை செய்யும் எல்லாரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ரைட்டரும் சரி, வேர்டும் சரி, ஒரு சொல்லின் எழுத்துரு, அளவு, தடிப்பு, சாய்வு ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதில்லை. ரைட்டரில் மூன்று அறைகள் இருக்கின்றன, வேர்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். முதல் அறை லத்தீன் எழுத்து முதலான மேற்கத்திய எழுத்துகளுக்கு. இரண்டாவது சீனம், ஜப்பானியம், கொரியத்துக்கு. மூன்றாவது அறைக்குக் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். தமிழ், தாய்லாந்து மொழி, அரபு எல்லாம் அங்கேதான். நம் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளும் இந்த மூன்று அறைக்குள் அடங்கிவிடும். ஆங்கிலமும் ரூமியில் (லத்தீன் எழுத்தில்) எழுதும் மலாயும் முதல் அறை, சீனம் இரண்டாவது, தமிழ் மூன்றாவது. உங்கள் மலரில் வாழ்த்துரை மூன்று மொழியில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் மூன்று அறையும் ஒரே கோப்பில் இருக்கின்றன.

ரைட்டரில் ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்துச் சாய்வாக்கினால், சாய்வு என்ற குறிப்பு மூன்றாம் அறையில் மட்டும் பதிவாகும். உங்கள் மேக்ரோ பார்ப்பது சார்போஸ்சர் என்ற பண்பை. அது முதல் அறை. தமிழுக்கு உரியது சார்போஸ்சர்காம்ப்ளெக்ஸ். அதேபோல் தடிப்புக்குச் சார்வெயிட்காம்ப்ளெக்ஸ், அளவுக்குச் சார்ஹைட்காம்ப்ளெக்ஸ், எழுத்துருவுக்குச் சார்ஃபான்ட்நேம்காம்ப்ளெக்ஸ். வேர்டு மேக்ரோவில் இவற்றின் பெயர்கள் "பை" என்று முடியும்: ஐட்டாலிக்பை, போல்ட்பை, சைஸ்பை, நேம்பை.

அப்புறம் ஏன் பாதி மாறியது? வேர்டில் ஒரு சொல்லைச் சாய்த்தால் அது பெரும்பாலும் இரண்டு அறையிலும் எழுதிவிடும். வேர்டில் தட்டச்சு செய்து அனுப்பியவர்களுடையது அகப்பட்டிருக்கும், ரைட்டரில் செய்தது அகப்பட்டிருக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு டாக்எக்ஸ் கோப்பைப் பிரதியெடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து, உள்ளே இருக்கும் டாக்குமென்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பைப் பாருங்கள். சாய்ந்த சொல்லுக்கு முன்னால் "ஐ" என்று ஒரு குறியும், "ஐ சி எஸ்" என்று இன்னொரு குறியும் அடுத்தடுத்து நிற்கும். அந்த "சி எஸ்" இருக்கிறதே, அதுதான் தமிழின் அறை.

மேக்ரோ இல்லாமலே செய்வதென்றால், மொழி அமைப்புகளில் காம்ப்ளெக்ஸ் எழுத்து என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அதன்பிறகு தேடும் பெட்டியின் ஃபார்மட்டில் அந்த அறை தனியாகத் தெரியும். சாய்வை அங்கே தேர்ந்தெடுத்துத் தேடுங்கள்.

212 பக்கத்துக்கு மேக்ரோதான் நல்லது. நாளை எழுதி, கோப்பாகவே இணைத்துவிடுகிறேன்.

அங்மோகியோ_ஆசிரியை | புதன், காலை 6.20

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். பயிற்சித்தாளில் அளவை 12 என்று மாற்றினால் ஆங்கிலக் குறிப்பு மட்டும் சிறுத்து, தமிழ் 14-இலேயே நிற்கும். எத்தனையோ வருடமாக இந்தத் தொல்லை. காரணம் இப்போதுதான் தெரிகிறது. நன்றி கணிமணி.

சாயங்காலம்4 | புதன், மதியம் 1.10

இவ்வளவு சிரமம் எதற்கு? முழுக் கோப்பையும் ஏஐயிடம் கொடுத்து "ஒழுங்குபடுத்து" என்று சொன்னால் போதுமே.

கணிமணி | புதன், மதியம் 1.45

மேக்ரோ எழுதித் தரச் சொல்லுங்கள், அது நல்ல வேலை. அப்போதும் "தமிழ் உரை, காம்ப்ளெக்ஸ் பண்புகளைப் பயன்படுத்து" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் உரையையே கொடுத்துத் திரும்ப வாங்காதீர்கள். பிள்ளையின் கட்டுரையில் ஒரு சொல் திருத்தப்பட்டு வந்தாலும் 212 பக்கத்தில் யார் கண்டுபிடிப்பது? ஒழுங்காக எழுதிய மேக்ரோ உடையைத்தான் தொடும், சொல்லைத் தொடாது. 38 பேர் நம்பிக் கொடுத்த எழுத்து அல்லவா.

கணிமணி | புதன், இரவு 10.15

மேக்ரோவை இணைத்திருக்கிறேன். செய்யும் வேலை எளிமையானது. கோப்பில் உள்ள பத்திகளை ஒவ்வொன்றாக எடுக்கும். ஒவ்வொரு பத்தியையும், ஒரே உடையுள்ள துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கும். ஒரு துண்டின் முதல் அறையிலோ மூன்றாம் அறையிலோ சாய்வு இருந்தால், அதற்கு "நூற்பெயர்" என்ற கேரக்டர் ஸ்டைலைப் போட்டு, கையால் போட்ட சாய்வை எடுத்துவிடும்.

ஓட்டுவதற்கு முன் இரண்டு விஷயம்.

முதல் ஓட்டத்தில் எதையும் மாற்ற வேண்டாம், மஞ்சள் மட்டும் பூசட்டும். மேக்ரோவின் முதல் வரியில் 0 இருந்தால் பூசும், 1 இருந்தால் மாற்றும். மஞ்சள் பூசிய கோப்பை ஒருமுறை முழுக்கப் புரட்டிப் பாருங்கள். விடுபட்டதும் தெரியும், தவறாக அகப்பட்டதும் தெரியும். அரை மணி நேரம் ஆகும். நான் இதைச் செய்யாமல் ஒருமுறை ஓர் ஆண்டறிக்கையில் 3 நாள் வேலையை இழந்திருக்கிறேன்.

அடுத்தது வரிசை. சாய்வுக்குக் கேரக்டர் ஸ்டைல் போட்ட பிறகுதான் தலைப்புக்கும் பத்திக்கும் ஸ்டைல் போட வேண்டும். வேர்டில் இது ரொம்ப முக்கியம். ஒரு பத்தியில் பாதிக்கு மேல் கையால் சாய்வு போட்டிருந்தால், பத்தி ஸ்டைல் போடும்போது வேர்டு அதைத் துடைத்துவிடும். பாதிக்குக் குறைவென்றால் விட்டுவைக்கும். அதனால் ஒரு பக்கத்தில் சாய்வு இருக்கும், அடுத்த பக்கத்தில் காணாமல் போயிருக்கும்.

தலைப்புகளுக்கும் ஒரு பகுதி எழுதியிருக்கிறேன். பத்தி முழுதும் தடிப்பாக இருந்து, நீளமும் குறைவாக இருந்தால் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். நீளத்தில் ஒரு நுணுக்கம். "சிங்கப்பூர்" நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 11 குறி. ச ஒன்று, அதன் மேல் ஏறும் இகரக் கொக்கி ஒன்று, ங ஒன்று, புள்ளி ஒன்று என்று தனித்தனியாக எண்ணும். ஆங்கிலத் தலைப்புக்கு 40 என்று வைப்பவர்கள் தமிழுக்கு 70 வரை வைத்தால் சரியாக இருக்கும்.

எல்லா மாற்றமும் ஒரே கன்ட்ரோல்+இசட்டில் பின்வாங்கும்படி கட்டியிருக்கிறேன். இருந்தாலும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

ஈசூன்_மலர் | வியாழன், இரவு 11.20

சாய்வு அத்தனையும் அகப்பட்டது! "பாசார் மாலாம்" மஞ்சளில் மின்னியதைப் பார்த்தபோது கைதட்டிவிட்டேன், பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது. எல்லாம் சரியாக வருகிறதே என்று, கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஆங்கில எழுத்துரு ஒன்று, தமிழ் எழுத்துரு ஒன்று என்று சீராக மாற்றினேன். 3 படைப்புகள் தமிழாகவே இல்லாமல் போய்விட்டன. வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கின்றன. அதில் ஒன்று அந்தத் துறைமுகத் தாத்தாவின் நினைவுக்கட்டுரை. அவரிடம் வேறு பிரதி கிடையாது, பென் டிரைவில் கொண்டு வந்து கொடுத்தது இது ஒன்றுதான். என்னிடம் முந்தைய நாள் கோப்பு இருக்கிறது, அதனால் தப்பித்தேன். ஆனால் என்ன நடந்தது?

அச்சுக்கோத்தவர் | வெள்ளி, காலை 5.50

அம்மா, கவலைப்படாதீர்கள். எழுத்து எதுவும் அழியவில்லை. எழுத்துருவைத் திருப்பிப் போட்டால் தமிழ் திரும்பி வரும்.

அந்த 3 கட்டுரையும் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடு) இல்லை. பழைய எழுத்துருக் குறியீட்டில் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் அரைப்புள்ளியை வைத்துப் பார்த்தால் பாமினி முறையாக இருக்க வேண்டும். அந்த முறையில் "அம்மா" என்று தட்டினால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற 5 ஆங்கிலக் குறிகள்தான். அரைப்புள்ளிதான் அங்கே மெய்யின் புள்ளி. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் வரைந்து காட்டுகிறது. கணிமணி சொன்ன கணக்கில் அது முதல் அறை. நீங்கள் முதல் அறைக்கு ஆங்கில எழுத்துரு போட்டதும் தமிழ் மறைந்து, அடியில் இருந்த ஆங்கிலம் வெளியே வந்துவிட்டது.

1991-லேயே யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது நம் மேசைக் கணினிக்கு வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு தனி நாடு. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997 மே மாதம் இங்கே சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அதற்காகவும் இணையத்தில் தமிழ் ஏறுவதற்காகவும் உழைத்த நம் நா. கோவிந்தசாமி 1999-இல் காலமானார். யூனிகோடில் இன்று தடையில்லாமல் தட்டும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். தாத்தாவின் கோப்பும் அந்தக் காலத்து மிச்சம்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய கோப்பில், தேடும் பெட்டியின் ஃபார்மட்டில் அந்த எழுத்துருவின் பெயரைக் கொடுத்து எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கட்டுரைக்கு நடுவே ஒற்றை வரியாகக்கூட ஒளிந்திருக்கும். அப்புறம் அந்தப் பகுதிகளை மட்டும் எடுத்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் உரையாக ஒட்டி மாற்றும்போது சாய்வும் தடிப்பும் போய்விடும். அதனால் மாற்றுவதற்கு முன்னால் சாய்ந்த சொல்லின் இருபுறமும் ஓர் அடையாளம் போட வேண்டும். வேர்டில் சாய்வைத் தேடி, மாற்றும் பெட்டியில் ^& என்பதன் இருபக்கமும் அந்த எழுத்துரு பயன்படுத்தாத ஒரு குறியைப் போட்டால் போதும். மாற்றிய பிறகு குறிகளுக்கு நடுவில் இருப்பதைத் தேடி ஸ்டைலைப் போட்டுவிட்டு, குறிகளை அழித்துவிடலாம்.

யூனிகோடாகும் வரை அந்தப் பகுதியில் எந்த மேக்ரோவும் ஓட வேண்டாம். நிறுத்தக்குறிகளைச் சீராக்குகிறேன் என்று அரைப்புள்ளியைத் தொட்டால் மெய்யெல்லாம் உயிர்மெய்யாகிவிடும். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதி இருந்தாலும் கெட்டது. சின்ன எம் அங்கே அகரம், பெரிய எம் ஆகாரம். "அம்மா" "ஆம்மா" ஆகிவிடும்.

இன்னொன்று. சாய்வைத் தமிழில் அப்படியே அச்சிடப் போகிறீர்களா? தமிழில் சாய்வெழுத்து மரபு கிடையாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் சாய்வு வரையப்பட்டிருக்காது, நேர் எழுத்தை மென்பொருள் பிடித்து வளைக்கும். சுழிகள் நசுங்கும். "ணை", "லை" எல்லாம் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். நாங்கள் ஈய எழுத்துக் கோத்த நாளில் நூல் பெயருக்கு மேற்கோள்குறியோ தடித்த எழுத்தோதான்.

கணிமணி | வெள்ளி, காலை 8.30

ஐயா, அருமை. பாமினியை நான் யோசிக்கவே இல்லை. சாய்வு பற்றி நீங்கள் சொன்னதற்கு ஸ்டைல்தான் கைகொடுக்கிறது. "நூற்பெயர்" என்று பெயர் வைத்தாகிவிட்டதால், அந்த ஸ்டைலின் காம்ப்ளெக்ஸ் பகுதியில் சாய்வை நீக்கித் தடிப்பை வைத்தால், தமிழ் நூற்பெயர் எல்லாம் தடித்து நிற்கும், ஆங்கில நூற்பெயர் சாய்ந்தே இருக்கும். ஒரே இடத்தில் ஒரு மாற்றம், 212 பக்கத்துக்கும் போய்ச் சேரும்.

ஜூரோங்_வாசகன் | வெள்ளி, மதியம் 12.40

இடைவெளிகளையும் சுத்தம் செய்துவிடுங்கள் அக்கா. ரெகுலர் எக்ஸ்பிரஷன் (குறிகளால் வடிவத்தைத் தேடும் முறை) கட்டத்தில் டிக் போட்டு, ^ குறிக்குப் பின் ஓர் இடைவெளியும் + குறியும் போட்டு, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டால் வரித்தொடக்க இடைவெளியெல்லாம் போய்விடும். ^$ என்று தேடினால் காலிப் பத்திகளும் அகப்படும்.

அங்மோகியோ_ஆசிரியை | வெள்ளி, இரவு 8.15

தம்பி, கவிதைகளை விட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். மலரில் கவிதை இருக்கும்தானே. வரியை உள்ளே தள்ளி எழுதுவதும், நடுவில் ஒரு காலி வரி விடுவதும் கவிஞர் வேண்டுமென்றே செய்வது. என் மாணவி ஒருத்தி மின்தூக்கி இறங்குவதைப் பற்றி எழுதினாள். ஒவ்வொரு சொல்லையும் முந்தையதைவிட இரண்டு இடைவெளி தள்ளி, படிபடியாக இறக்கியிருந்தாள். இதை ஓட்டினால் அவள் கவிதை இடப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஜூரோங்_வாசகன் | வெள்ளி, இரவு 8.50

சரிதான் டீச்சர், அது எனக்குத் தோன்றவில்லை. அப்படியென்றால் முதலில் கவிதைகளுக்கு மட்டும் "கவிதை" என்று ஒரு பத்தி ஸ்டைல் கையால் போட்டுவிட்டு, மேக்ரோவில் அந்த ஸ்டைல் உள்ள பத்தியைத் தாண்டிப் போகச் சொல்லலாம். ஒரே ஒரு நிபந்தனை வரி போதும்.

கணிமணி | வெள்ளி, இரவு 9.30

சேர்த்துப் புதிய பதிப்பை இணைத்துவிட்டேன். கவிதையில் இன்னொரு இடம் கவனிக்க வேண்டும். சிலர் வரிக்கு வரி என்டர் அடிப்பார்கள், சிலர் ஷிஃப்ட்+என்டர். முன்னது புதிய பத்தி, பின்னது அதே பத்திக்குள் புதிய வரி. ரைட்டரில் பின்சாய்கோடும் சின்ன என்னும் தேடும் பெட்டியில் இருந்தால் ஷிஃப்ட்+என்டரைக் குறிக்கும். அதையே மாற்றும் பெட்டியில் போட்டால் புதிய பத்தி என்று பொருள். அதனால் இரண்டு பெட்டியிலும் அதையே போட்டு மாற்றினால் "ஒன்றும் மாறாது" என்று நினைக்காதீர்கள். ஷிஃப்ட்+என்டர் எல்லாம் தனிப் பத்தியாகிவிடும்.

பத்தி ஸ்டைலைத் தேடி மாற்றும்போதும் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் கோப்பில் ஏற்கெனவே பயன்பட்ட ஸ்டைல்கள்தான் தெரியும். "கவிதை" தெரியவில்லை என்றால் முதலில் ஏதாவது ஒரு பத்திக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.

ஈசூன்_மலர் | ஞாயிறு, மாலை 5.05

முடித்துவிட்டேன். பாமினிக் கட்டுரைகள் 3 என்று நினைத்தேன், 4 இருந்தது. ஐயா சொன்ன மாதிரியே, நாலாவது ஒற்றை வரியாக ஒரு கட்டுரையின் நடுவில் ஒளிந்திருந்தது. யாரோ பழைய கோப்பிலிருந்து ஒரு பழமொழியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

மஞ்சள் ஓட்டத்தில் தலைப்பு என்று தவறாக அகப்பட்டவை 6. எல்லாம் தடித்த எழுத்தில் எழுதிய ஒற்றை வரி உரையாடல்கள், கையால் நீக்கினேன். "ஔவையார்" பெயரில் ஒரு சங்கடம். தேடினால் 5 இடம் வந்தது, படிக்கும்போது 9 இருந்தது. 4 பேர் ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறது, கணினிக்கு வேறு சொல். அதையும் சரிசெய்தாகிவிட்டது.

நூற்பெயரைத் தடிப்பாக்கிப் பார்த்தோம். பக்கம் கறுத்துத் தெரிந்ததால் குழுவில் பேசி, தமிழுக்குச் சாய்வும் தடிப்பும் இல்லாமல் சற்றே அடர்ந்த நீலம் என்று முடிவெடுத்தோம். ஸ்டைலில் ஒரு மாற்றம், அரை நிமிட வேலை. அச்சகத்துக்கு நாளை காலை போகிறது.

தாத்தாவின் கட்டுரையை யூனிகோடில் அச்செடுத்து நேற்று அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் தங்குமிடச் சமையல்கார அண்ணன் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினார். மாற்றியில் விடுபட்டது போல. வந்ததும் அந்தப் பெயரைக் கோப்பு முழுக்கத் தேடி, 7 இடத்திலும் சரிசெய்தேன்.

அங்மோகியோ_ஆசிரியை | ஞாயிறு, இரவு 9.10

வாழ்த்துகள் அக்கா. கணிமணி, உங்கள் இரண்டாவது இணைப்பு எனக்குத் திறக்கவில்லை. திங்கட்கிழமைப் பயிற்சித்தாளில் ஓட்டிப் பார்க்க வேண்டும், மறுபடி போட முடியுமா?

கணிமணி | ஞாயிறு, இரவு 9.25

போட்டுவிட்டேன் டீச்சர். முதல் வரியில் 0 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.